மின்னரணைக்கு லேமினேஷன்

ஜூன் 23, திங்கள்
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்ற மாட்டேன்.

என் பெஞ்சில் உட்காரும் அனம், தன் மின்னரணை அட்டையை ஒரே ஒரு நாளைக்குக் கொடுத்திருக்கிறாள். அவளிடம் இருக்கும் விளையாட்டு அட்டைகளில் இதுதான் அரியது. நீல அரணை, வாலில் மின்னல். கோபம் வந்தால் அறுநூறு வோல்ட் பாய்ச்சுமாம். மழை நாளில் தூங்குமாம்.

"எல்லாரும் படத்தைப் பாப்பாங்க. நீ மட்டுந்தான்டி கீழ இருக்கற பொடி எழுத்தைப் படிக்கற" என்றாள்.

சனிக்கிழமை அவள் பெரியப்பா மகன் ஜாவீத் தருமபுரியிலிருந்து ஆட வருகிறான். ஜெயிப்பவர், தோற்றவரிடமிருந்து பிடித்த அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடமாக அவனுக்கு மின்னரணை மேல்தான் கண்.

மாலை — அண்ணனின் மார்க் ஷீட்டை லேமினேஷன் போட அப்பா காரிமங்கலம் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். எங்கள் வீட்டில் முக்கியமான எதற்கும் லேமினேஷன்தான். நானும் போய் மின்னரணையை நீட்டினேன். "இது யாரு ஆதாரு, பாப்பா?" என்றார் கடைக்காரர். அனம் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

ஜூன் 24
சந்தோஷப்படவில்லை.

"ஏன்டி அமுதா, நான் இதைக் கலைச்சு ஆடணும். ரேஷன் கடைக்கா எடுத்துக்கிட்டுப் போகப்போறேன்?"

அட்டைகளைக் குப்புறக் கலைத்துத்தான் ஆடுவார்களாம். இது மட்டும் தடிமனாக இருந்தால் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். மின்னரணை இல்லாமல் அவள் எப்படி ஜெயிப்பாள்?

பிரித்துத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 25
தேய்க்கிற பெட்டியைச் சூடாக்கி அட்டை மேல் வைத்தேன்.

"படிக்கறேன்னு உள்ள போய் என்ன பண்ற? வூட்டக் கொளுத்திராத" என்றாள் அம்மா.

பிளாஸ்டிக் கொப்பளித்தது. மூலையைப் பிடித்து இழுத்தேன். பாதி வால் அதோடு வந்துவிட்டது.

வால் முதலிலேயே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாமா? உண்மையை எழுதுவதாகத்தானே சொன்னேன். பேசுவதாகச் சொல்லவில்லையே.

ஜூன் 26
உண்மையையே சொல்லிவிட்டேன். அட்டையை வாங்கிக்கொண்டாள். பேசவில்லை.

ஜூன் 27
இன்றும் பேசவில்லை. ஸ்கேலைக்கூட மணிமேகலையிடம் வாங்கினாள். அது வளைந்த ஸ்கேல். அவளுக்கும் தெரியும்.

ஜூன் 28, சனி
கூப்பிடாமலே அனம் வீட்டுக்குப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மின்னரணை இல்லாமல் ஆடினாள், தோற்றாள்.

"எங்க அந்த அரணை?" என்று ஜாவீத் கை நீட்டினான். அனம் என்னைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்கு யாரு சூடு வெச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு."

சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. "இது யாருக்கு வேணும்" என்று கீழே போட்டுவிட்டு வேறொரு அட்டையை எடுத்துக்கொண்டான். அனம் சட்டென்று மின்னரணை மேல் கையை வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அடுத்த வாட்டி அவன் வர்றதுக்குள்ள மீதி அட்டைக்கெல்லாம் சூடு வெச்சுக் குடுத்துரு."

சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.

வீட்டில் லைட்டை அணைத்துவிட்டார்கள். இதோடு நிறுத்துகிறேன்.