ஆண் அனானி, பெண் அனானி என்ற பெயரால் நின்றுபோன என் பிசின் உரிமம்

அனுப்புநர்:
லிந்தால்வா பந்தோஜா,
பிசின், கீல் வியாபாரம்,
முத்தூச்சி ஓடைக்கரை,
பாரா மாநிலம், பிரேசில்.

பெறுநர்:
உயர்திரு அனீசியோ மசியேல் அவர்கள்,
வனப்பொருள் உரிம அலுவலர்,
கயாரி துறை (அக்கரை).

பொருள்: பெண் மரங்களைத் துன்புறுத்தியதாக என் மீதுள்ள குற்றச்சாட்டை நீக்கி, நிறுத்திவைத்த உரிமத்தைத் திரும்ப வழங்கக் கோருவது தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் ஆணை, நாள் ஏப்ரல் 12.
2. விளக்கம் கேட்கும் தங்கள் அறிவிப்பு, நாள் மே 30 (நனைந்த நிலையில் பெறப்பட்டது).

மதிப்புமிகு ஐயா,

வணக்கம். தங்களுக்கு ஜலதோஷம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். என் கோப்பு முழுவதும் மே 30 அன்று ஆற்றோடு போய்விட்டபடியால், தாங்கள் அறிந்த விஷயங்களையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

1. அனானி மரத்தின் பட்டையைக் கீறினால் மஞ்சளாகப் பால் வடியும். காய்ந்தால் கறுக்கும். அதைக் காய்ச்சிக் கீலாக்கிப் பலகை இடுக்கில் கலப்பத்து அடித்தால்தான் இந்த ஆற்றில் எந்தப் படகும் மிதக்கும். மரம் இரண்டு வகை. சேற்றிலிருந்து முழங்கால் முழங்காலாக வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது சதுப்பில் வளர்வது. அதைப் பெண் அனானி என்போம். மேட்டுக்காட்டில் நிமிர்ந்து நிற்பது ஆண் அனானி. பெண் கீல் இளகி, பலகை அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும். ஆண் கீல் விறைத்து நின்று, முதல் வெயிலிலேயே வெடிக்கும். இந்தப் பெயர்களை வைத்தவர் யாரென்று தெரியாது. கல்யாணமானவர் என்பது மட்டும் தெரிகிறது.

2. என் பிழையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில், ஏழாம் கட்டத்தில், எடுக்கும் மரவகை என்ற இடத்தில் “பெண் அனானி மட்டும்” என்று எழுதினேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். முந்தைய அலுவலர்கள் எல்லாரும் இந்த ஆற்றுக்காரர்கள். தாங்கள் தெற்கேயிருந்து புதிதாக வந்தவர். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே நம்பிவிட்டீர்கள்.

3. அதன் பலனாக வந்த ஆணை: காய்க்கும் பெண் மரங்கள் தாய்மை நிலையில் இருப்பதால் அவற்றைக் கீறக்கூடாது, ஆண் மரத்தில் மட்டுமே பிசின் எடுக்கலாம், ஐம்பது மீட்டருக்குள் ஆண் துணையில்லாத பெண் மரங்களுக்கு உரிமதாரர் தம் பொறுப்பில் ஆண் கன்று நட்டுத் தர வேண்டும், அதுவரை பெண் மரத்துக்கான என் உரிமம் நிறுத்தம். நான் அக்கரைக்கு வந்து விளக்கப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருந்த சுலேய்தே அம்மாள், “ஏம்மா, உங்க மரம் மட்டும் ஆம்பளைத் துணை இல்லாமலே காய்க்குதா? நீங்களே பொண்ணுன்னு எழுதிட்டு இப்ப இல்லைங்கிறீங்களே!” என்று கேட்டு ஆணையில் முத்திரை குத்தினார். கேள்வியில் நியாயம் இருந்ததால் நானும் ஆணையை மடித்துக்கொண்டு படகேறினேன்.

4. ஆணைப்படி தங்கள் நாற்றங்காலில் கொடுத்த நாற்பது ஆண் கன்றுகளையும் சதுப்பில் நட்டேன். நாற்பதும் மேட்டிலுள்ள ஒரே தாய் மரத்தின் விதை. (ஆண் மரத்துக்குத் தாய் எப்படி என்று அப்போதே யாராவது கேட்டிருக்கலாம்.) ஏற்றநீர் இரண்டு முறை ஏறி இறங்கியதும் ஒன்றும் மிஞ்சவில்லை. படகு கட்டும் சபினோ துறையில் எல்லார் முன்னாலும், “என்ன லிந்தா, நாப்பது மாப்பிள்ளை கொண்டுவந்தியாமே, ஒருத்தன்கூட ஒரு வாரம் தாங்கலியா?” என்றார். வியாபாரத்தில் எத்தனையோ நஷ்டம் பார்த்திருக்கிறேன். என் பிழைப்பு இப்படிச் சிரிப்பாய்ச் சிரித்ததில்லை.

5. பெலெம் நகரிலிருந்து ஒதலேயா என்ற ஆராய்ச்சிப் பெண் சென்ற ஆண்டு வந்து, என் சதுப்பிலும் மேட்டிலும் நூற்றுப் பன்னிரண்டு மரங்களில் இலை பறித்துப் போனார். ஆணையைப் பற்றித் தொலைபேசியில் சொன்னதும் மறுமுனையில் வெகுநேரம் சிரிப்பு மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: “அக்கா, அதுங்க புருஷன் பொண்டாட்டியே கிடையாது. பூவைப் பிரிச்சுப் பாருங்க, ஒவ்வொரு பூவிலயும் ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு. ரீங்காரச்சிட்டு வந்து மகரந்தம் மாத்திட்டுப் போகுது. மேடும் சதுப்பும் பங்காளிங்க. கூப்பிடு தூரத்துல நின்னாலும் பாகம் பிரிஞ்சு எத்தனையோ லட்சம் வருஷமாச்சு. எப்பவாவது கலந்துக்கும், அவ்வளவுதான்.” என் ஓடை மரமும் அடுத்த ஓடை மரமும்கூட உள்ளுக்குள் ஒன்றில்லையாம். அந்த வித்தியாசம்தான் காட்டுக்குப் பலமாம். ஒரே தாயின் பிள்ளைகளாக நட்டால், ஒன்றுக்கு வந்த சீக்கு எல்லாவற்றுக்கும் வரும் என்றார். இந்த வம்சத்தின் மூதாதை ஆப்பிரிக்கப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்ததாம். அப்போது எந்த அலுவலகத்திலும் துணை இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தி வைத்ததாகத் தெரியவில்லை. அவர் கடிதம் இணைப்பு 1.

6. அறிவிப்பில் சொல்லியிருப்பதுபோல் நான் மரத்தைத் துன்புறுத்துவதில்லை. ஒரு முறை கீறிய மரத்தை இரண்டு வருஷம் தொடமாட்டேன். இது பாசம் இல்லை, ஐயா. செத்த மரம் பிசின் தராது.

7. இனி மே 30. தங்கள் அலுவலகப் படகுக்கு ஆணைப்படி ஆண் கீல்தான் பூச வேண்டும் என்று தாங்கள் கண்டிப்பாகச் சொன்னதால் ஏப்ரலில் அதையே கொடுத்தேன். ரசீதில் “ஆண் கீல், வெடிக்கும், எச்சரித்துத் தரப்படுகிறது” என்று எழுதித் தங்கள் கையொப்பமும் வாங்கினேன் (இணைப்பு 2). அந்தப் படகில் தாங்கள் என் சதுப்பின் பெண் மரங்களை எண்ணுவதற்காக, மழை ஓய்ந்த முதல் வெயிலில், நண்பகலில் வந்தபோது, என் துறைக்கு இருபது முழம் இருக்கையில் அது மெதுவாக உட்கார்ந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் அறிவிப்பைத் தலைக்குமேல் தூக்கியபடி தாங்கள் நின்ற கோலத்தைக் கண்டு சபினோ கரையிலிருந்து (அவருக்கு எந்த அதிகாரியும் டாக்டர்தான்), “டாக்டர்! ஆம்பளையை நம்பி வந்தீங்களே, நடு ஆத்துல விட்டுட்டானே!” என்று கத்தியது மரியாதைக் குறைவு. அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் கேட்கமாட்டார். அன்று தாங்கள் என் வீட்டில் மூன்று கிண்ணம் அசாயிப் பழக்கூழும் இறாலும் சாப்பிட்டு, ஊஞ்சல் படுக்கையில் சற்று உறங்கி, எழுந்ததும் அறிவிப்பை என்னிடம் முறைப்படி வழங்கினீர்கள். கடமை தவறாத அந்தக் குணத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

8. என்னிடம் பெண் கீல் தீர்ந்துவிட்டது. பதினொரு படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. பள்ளிப் படகில் பிள்ளைகள் ஆளுக்கொரு குடுவையால் தண்ணீர் இறைத்துக்கொண்டேதான் போகிறார்கள். இம்மாதம் 29ஆம் தேதி புனித பேதுருவின் படகு ஊர்வலம். மீனவர்களின் புனிதரை இந்த வருஷம் மட்டும் நடத்திக் கூட்டிப் போக வேண்டும் போலிருக்கிறது. உரிமம் போனால் நான் இருபத்தாறு வருஷமாகக் கட்டிய வியாபாரமும் போகும்.

ஆகவே, பதிவேட்டில் ஆண், பெண் என்பதை அடித்து, மேட்டு அனானி, சதுப்பு அனானி என்று திருத்தவும், குற்றச்சாட்டைக் கைவிட்டு உரிமத்தைத் திரும்பத் தரவும் வேண்டுகிறேன். ஏழாம் கட்டத்தை நானே புதிதாக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன் (இணைப்பு 3).

மேலும் ஒன்று. தங்கள் படகு என் கரையில்தான் கிடக்கிறது. தினமும் காலையில் சபினோ, “டாக்டர் படகுக்கு என்ன பூசட்டும்?” என்று கேட்கிறார். மிதக்க வைக்கும் கீலைத் தாங்கள் தடை செய்திருப்பதால், ஆணை வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 15 அன்று என் சதுப்பில் விசாரணை என்று அறிவிப்பில் உள்ளது. அதற்குத் தாங்கள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். காலை ஏழு மணிக்கு என் படகை அக்கரைக்கு அனுப்புகிறேன். போன வருஷத்துப் பெண் கீல் பூசியது. நனையாமல் வந்து சேரலாம்.

இடம்: முத்தூச்சி ஓடைக்கரை
நாள்: 09.06.2023

தங்கள் ஆணைக்குக் கரையில் காத்திருக்கும்,
(ஒப்பம்) லிந்தால்வா பந்தோஜா