மாதவி அமைத்த இரட்டைச் சர்வர்

7 ஜூலை, திங்கள்

பாடம் நடக்கும்போதே ப்ராக்ஸி சர்வர் மறுபடியும் நின்றுவிட்டது. பிள்ளைகளின் இணையம் முழுவதும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகிறது. வேண்டாத தளங்களைத் தடுப்பதும் அதுதான். அடுத்த மாதம் இணையவழித் தேர்வு. பெரிய புது சர்வர் ஒன்று வாங்கலாமென்று தலைமையாசிரியர் திருச்செல்வத்திடம் எழுதிக் கொடுத்தேன். கணினி ஆசிரியர் நான்தானே.

12 ஜூலை, சனி

நான் எழுதிக் கொடுத்ததைத் தலைமையாசிரியர் மாதவியிடம் காட்டியிருக்கிறார். நம் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் நித்தியாவின் அம்மா. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில், செம்பனை எண்ணெய் ஆலையில் நெட்வொர்க் பார்ப்பவர். அவர் அப்படிக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"இது படுத்துட்டா அடுத்து எது எந்திரிக்கும், சார்?"

எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் அதுவும் ஒரே பெட்டிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

சாதாரணக் கணினி இரண்டு போதும் என்றார். ஒன்று அலுவலகத்தில், மற்றது கணினி அறையில், தனித்தனி மின்இணைப்பில். இரண்டுக்கும் பொதுவாக ஒரே நெட்வொர்க் முகவரி. முதலாவது நின்றால் இரண்டாவது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். இவ்வளவு எளிமை — எனக்கு ஏன் தோன்றவில்லை?

26 ஜூலை, சனி

சோதனை. முதல் கணினியின் மின்வயரை என்னையே பிடுங்கச் சொன்னார். மூன்றே விநாடியில் இரண்டாவது ஏற்றுக்கொண்டது. நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை. வயரை மாட்டி, கணினியை ஓடவிட்டு, ப்ராக்ஸி மென்பொருளை மட்டும் நிறுத்தினார். இணையம் போயிற்று. இரண்டாவது அசையவில்லை.

"மிஷின் ஓடுதுன்னு இது சும்மா இருந்துருச்சு. நான் யோசிக்கல லா, சார். என் தப்புதான்."

மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, மென்பொருள் வேலை செய்கிறதா என்பதையும் விடாமல் பார்க்கும்படி மாற்றினார். ஐந்து முறை நிறுத்தினோம். ஐந்து முறையும் மாறியது. நானாக இருந்தால் கைதட்டியதோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நாளைக்குத் தேர்வு. வீட்டுக்குப் போகுமுன் இரண்டு கணினிகளும் ஓடுகின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு வந்தேன்.

6 ஆகஸ்ட், புதன்

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இணையம் போய்விட்டதென்று ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. முடிந்தபின் கணினிகளில் தானாகப் பதிவாகும் குறிப்பைப் பார்த்தேன். 9.42-க்கு முதல் கணினியில் மென்பொருள் நின்றிருக்கிறது. கணினி ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து திருத்திய அதே கோளாறு! இரண்டாவதுதான் கடைசிவரை தாங்கியிருக்கிறது.

மாதவிக்குப் போன் போட்டேன். நான் சொல்லத் தொடங்குமுன் அவரே கேட்டார்:

"பிள்ளைங்க முடிச்சாங்களா சார்?"

எல்லாரும் முடித்தார்கள் என்றேன். முதல் கணினி ஏன் நின்றது என்று பார்க்க சாயங்காலமே வந்துவிட்டார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பத்தாங் காலிப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து நம் அமைப்பை விளக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியர் என்னைப் போகச் சொன்னார். மாதவி பேசட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்கிறேன் என்றேன்.