இன்னும் பத்து மீட்டர்

மேல்கூடம், செவ்வாய்ப் பனிச்சுரங்கம். காலை 7.10

எழுதுவது மங்கையர்க்கரசி, சர்வர் பொறுப்பாளர். சொந்த ஊர் நெய்வேலி.

நேற்று ஆயுத பூஜை. வேலையை நிறுத்தி, கீழ்க்கூடத்துச் சர்வரை அணைத்துச் சந்தனம் வைத்து, கீழே காற்றையும் மூடிவிட்டு, நான்கு பேரும் இங்கே மேலே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். சுண்டல் வேகவில்லை என்று என் கணவர் இளம்பரிதி குறை சொன்னார். இந்தக் காற்றழுத்தத்தில் அவரே வேகவைத்துக் காட்டட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இன்று வழக்கமான வேலை. பரிதி, மேலாளர் தணிகாசலம் அண்ணன், டாக்டர் ஜெசிந்தா மூவரும் கீழே போய்ச் சர்வரைப் போட்டுவிட்டார்கள். கீழே காற்று சீராக இருக்கிறது. எங்கள் இயந்திரம் முரடனுக்கு இன்னும் சாவி போடவில்லை, பூஜை பாக்கியாம்.

காலை 7.30

பூமியிலிருந்து எவனாவது இதைப் படித்தால் புரிவதற்காக எழுதுகிறேன். மேல்கூடத்துச் சர்வரில் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் ஒன்று ஓடுகிறது, கீழ்க்கூடத்துச் சர்வரில் இன்னொன்று. மேலே இருப்பது கட்டளையை அனுப்பும். கீழே இருப்பது அதை வாங்கி முரடனிடம், அதாவது பாறை உடைக்கும் இயந்திரத்திடம், கொடுக்கும். வேலை ஆனதும் ‘முடிந்தது’ என்று பதில் வரும். வராவிட்டால் மேல் ஸ்கிரிப்ட் அதே கட்டளையை மறுபடி அனுப்பும்.

கீழ்க்கூடத்துக்கும் அதை ஒட்டிய சுரங்கத்துக்கும் காற்று விடச் சொல்லும் தகவலும் இதே ஸ்கிரிப்டிலிருந்துதான் போகிறது. அது நின்றால் கீழே வால்வு மூடிக்கொள்ளும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிய புண்ணியவான் பூமியில் சுகமாக இருக்கிறான்.

காலை 8.15

தணிகாசலம் அண்ணன் செத்துப்போனார்.

முரடனைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். பூஜைக்கு அதுதான் முறையாம். கிழக்கில் இருப்பது கீழ்க்கூடத்தின் கதவு. முரடனின் முன்னால் நாலு விண்வெளி உடைகளையும் வரிசையாக வைத்துப் பொட்டிட்டு, சக்கரப் பட்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் எதிரே நின்று டார்ச்சால் ஆரத்தி காட்டினார். பழத்தை நசுக்க ஒரு சாண் நகர்த்தினால் போதும் என்று பரிதி சாவியைத் திருப்பினார்.

நேற்றுப் பதில் வராத கட்டளை தொங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தோன்றவில்லை. சாவி விழுந்ததும் அது கீழே இறங்கிவிட்டது. ஜெசிந்தா ரேடியோவில் சொன்னாள்:

“அக்கா, கையை ஓங்கி அவர் தலையில ஒரே அடி. தலை இல்லக்கா. அப்புறம் மேலேயே ஏறிப் போய்ட்டு. சூட்டு எல்லாம் அவரோட சேந்து அரைஞ்சு கெடக்கு. நாங்க ரெண்டு பேரும் கூடத்துக்குள்ள ஓடிவந்து கதவைச் சாத்திட்டோம்.”

பத்து மீட்டர் உடைத்துவிட்டு நின்றது. நானும் முட்டாள் மாதிரி அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

காலை 8.30

மறுபடி கிளம்பிவிட்டது. பதில் வருகிற கம்பியை முதல் அடியிலேயே பிய்த்துப் போட்டிருக்கிறது. ‘முடிந்தது’ இங்கே வந்து சேரவில்லை. அதனால் என் கூடத்து மூலையில் இருக்கும் சர்வர், வேலை நடக்கவில்லை என்று நினைத்து, கால் மணிக்கொரு தரம் அதே கட்டளையை அனுப்புகிறது. கட்டளை ‘அந்தக் குறி வரைக்கும் போ’ என்று இருந்தால் எத்தனை தரம் போனாலும் பிழைத்திருப்போம். இருப்பது ‘இன்னும் பத்து மீட்டர் போ’. ஒவ்வொரு தரமும் முரடனுக்கு அது புதுக் கட்டளை.

கதவுக்கு இன்னும் நாற்பது மீட்டர்தான். மேலே கீழே எந்தச் சர்வரை அணைத்தாலும் காற்று நிற்கும், இருவரும் மூச்சு முட்டிச் சாவார்கள். அணைக்காவிட்டால் நசுங்கிச் சாவார்கள். ஸ்கிரிப்டைத் திருத்தப் பூமி சாவி, அதாவது கடவுச்சொல், தரவேண்டும். கேட்டிருக்கிறேன். பக்கத்து முகாமிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, சாயங்காலம்தான் வந்துசேரும்.

காலை 8.50

பரிதி வெளியே போயிருக்கிறார், வெட்டும் கருவியோடு. நான் வேண்டாம் என்று கத்தினேன். கேட்கிற ஜென்மமா அது? முரடனின் சாவி எட்டாததால் பட்டையை அறுக்கப் பார்த்திருக்கிறார். முரடனின் கை திரும்பிய வேகத்தில் அவரைச் சுவரில் தூக்கி அடித்திருக்கிறது.

“உசிரு இருக்குக்கா. இழுத்துப் போட்டுட்டேன். வலது கால் முட்டிக்குக் கீழ எலும்பு வெளிய நிக்குது. ரத்தம் நிக்க மாட்டேங்கு.”

அவள் பேசும்போதே பின்னால் பாறை விழும் சத்தம். பரிதி அலறுவதும் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதர் அலறி நான் கேட்டதில்லை.

காலை 9.12

பூமியின் பதில்:

“தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. ஸ்கிரிப்டைத் திறக்கும் சாவிக்குச் சுரங்க மேலாளரின் ஒப்புதல் தேவை. ஒப்புதலுடன் மீண்டும் அனுப்பவும்.”

மேலாளர் சுரங்கத் தரையில் கூழாகக் கிடக்கிறார், அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். நாசமாய்ப் போக.

காலை 9.20

முரடன் கதவை அடிக்கிறது. கதவிலிருந்து தெறித்த இரும்பு ஜெசிந்தாவின் தோளைக் கிழித்துவிட்டது. அடுத்த கட்டளை பத்து நிமிஷத்தில் போகும். அதற்குக் கதவு தாங்காது.

என் மேசையில் சாவி தேவைப்படாத ஒரு சுவிட்ச் இருக்கிறது. திருப்பினால் எல்லாத் தகவலும் கீழ்ச் சர்வரை விட்டுவிட்டு, இங்கே இருக்கும் ஸ்பேர் சர்வருக்குப் போகும். ஸ்பேரிலிருந்து கீழ் வால்வுக்குத் தனிக் கம்பி இருக்கிறது. காற்று நிற்காது. முரடன் நிற்கும்.

ஸ்பேர் சர்வருக்கும் ஒரு இயந்திரம் உண்டு, என் சுவருக்கு வெளியே. அதற்கு நேற்றே பூஜை முடிந்தது, சாவியும் போட்டபடியே இருக்கிறது. அதையும் கிழக்குப் பார்த்துத்தான் நிறுத்தினோம், என் கூடத்தைப் பார்த்து. பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கிறது. இந்தப் பக்கம் பதில் கம்பி நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் லாபமில்லை. ஒரு கட்டளை முடிந்ததும், நேற்று வேலை நடக்காமல் மணிக்கொன்றாகச் சேர்ந்துகிடக்கும் அடுத்தது வரும். சுவர் உடைந்தால் காற்று போகும். என் உடை கீழே, அண்ணனோடு கிடக்கிறது. உள்ளே இறங்கும் வழியும் பாறை விழுந்து அடைபட்டுவிட்டது.

சர்வர்கள் மூலையில் இருக்கின்றன, இயந்திரத்தின் பாதைக்கு வெளியே. அவற்றுக்கு மூச்சு வேண்டாம்.

காலை 9.27

திருப்பிவிட்டேன். பரிதியின் குரல் வந்தது:

“மங்கை, நின்னுடுச்சு. கதவுக்குள்ள பாதிக் கையை விட்டுட்டு அப்படியே நிக்குது. என்னடி பண்ண?”

நான் அனுப்பியது:

“சாவி வந்துடுச்சுங்க. நீங்க பேசாம படுத்திருங்க, ஜெசிந்தா சொல்றதைக் கேளுங்க. வண்டி வருது.”

“நீ ஏன் அழுவுற?”

“உங்க காலை நெனச்சுத்தான். ரேடியோவை வைங்க.”

பொய் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம். பேசினால் சுவரில் விழும் அடி அவருக்குக் கேட்டிருக்கும்.

காலை 9.44

பத்து மீட்டர் ஆயிற்று. அலமாரி சரிந்து என் நெற்றியில் விழுந்தது, ரத்தம் கண்ணில் இறங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பயமாக இருக்கிறது. சாக எனக்கு விருப்பமே இல்லை.

சுவரில் விரிசல்.

9.50

வண்டியில் வருபவர்களுக்கு. வெளிவழியாக நேரே கீழே போங்கள். உடை எடுத்துப் போங்கள், இரண்டு. பரிதியிடம் நானே சொல்லாதது எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் வெளியே வருகிறவரைக்கும்.

என்னைப் பார்த்துவிட்டு எதையும் அணைக்காதீர்கள். மேசையில் இருக்கும் சுவிட்சில் கை வைக்காதீர்கள். கீழே ரெண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்