கருப்பட்டி வைத்தியமும் உன் கழுத்தும்

அன்பு மகள் ராமலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்க அய்யா, ஆடுகள் எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், அதில் பாதியைத்தான் நம்பினேன், மீதிக்காகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே கேட்கலாம், ஆனால் நீ கூப்பிட்டதும் உங்க அய்யா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், உங்க அத்தை முருகலட்சுமி வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நம் வீட்டுப் பேச்சு முதுகுளத்தூர் பஸ் ஏறிப் போய்விடுகிறது. கழுத்து உன்னுடையது, அதைப் பற்றித் தெரு பேச வேண்டாம்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது சார்ஜர் வயரை எடுக்கக் குனிந்தாய், துப்பட்டா விலகியது, பின்னங்கழுத்தில் பட்டையாகக் கறுப்பு. வீட்டுக்குள் இந்தப் பிள்ளை எதற்குத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பேசுகிறது என்று கொஞ்ச நாளாக யோசித்தேன், விடை கிடைத்தது. நான் பார்த்ததை நீ பார்த்துவிட்டாய், உடனே உனக்குச் சிக்னல் போய்விட்டது. இங்கே வைத்தியர் மாநாடு கூடியது. உங்க அத்தை, "பிள்ளைக்கு உடம்பெல்லாம் சூடு மதினி, அங்கன போயி கத்திரிக்காயும் கருவாடுமாத் தின்னிருப்பா" என்றாள். குர்கானில் கருவாட்டுக்கு நீ எங்கே போவாய் என்று நான் கேட்கவில்லை. உங்க அய்யா, "நல்லா நாரு போட்டுத் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லு" என்றார். அவர் அனுபவஸ்தர். அதே கறுப்பு அவர் கழுத்திலும் ரெண்டு வருஷமாக இருக்கிறது.

முதலில் அது மிளகாய்க்காட்டு வெயில் என்றார். காட்டில் நிற்பது நான், என் கழுத்து எப்போதும் போல இருக்கிறது. அவர் டீக்கடைப் பந்தலில் உட்கார்ந்து மழை வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்கிறவர், அந்த நிழலில் என்ன வெயில் அடித்ததோ. பிறகு அழுக்கு என்று முடிவானது, பீர்க்கங்காய் நார் போய்த் தேங்காய் நார் வந்தது, பாத்திரம் விளக்கும் கம்பியை நான்தான் ஒளித்துவைத்தேன். கழுத்து புண்ணானது, கறுப்பு போகவில்லை. அடுத்து ராமேஸ்வரம், அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தார், திரும்பும்போது அக்காள்மடத்தில் வண்டியை நிறுத்தி உடம்பு குளிரட்டும் என்று ரெண்டு கிளாஸ் சர்பத் குடித்தார். கரப்பான் பண்டம், தின்றால் தோல் கெடும் என்று சொல்லி வீட்டில் கருவாடு நின்றது, நண்டு நின்றது, ஒரு பாவமும் அறியாத கத்திரிக்காய் ஊர்விலக்கானது. சூடு தணிய நன்னாரி சர்பத், பனங்கற்கண்டுப் பால், காபியில் கை நிறையக் கருப்பட்டி. சீனி விஷம் என்று வாட்ஸப்பில் வந்ததால் சீனி மட்டும் கிடையாது. வைத்தியம் கூடக் கூடக் கழுத்து கறுத்தது, கழுத்து கறுக்கக் கறுக்க அவர் வைத்தியத்தைக் கூட்டினார்.

போன மாதம் என் முட்டிவலிக்காக இலவச முகாமுக்குப் போனோம். டாக்டர் பொண்ணு என் முட்டியை விட்டுவிட்டு அவர் கழுத்தைப் பார்த்தாள். அய்யா இது அழுக்கு இல்ல, தேய்க்காதீங்க, உடம்பு இன்சுலினுக்குச் சரியா மசியலைன்னா கழுத்தும் கக்கமும் இப்படிக் கறுத்துத் தடிக்கும், சர்க்கரை பார்க்கணும் என்றாள். விரலில் குத்திப் பார்த்தார்கள், கொஞ்சநஞ்சமில்லை. உங்க அய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "நான் சீனியவே தொடுறதில்ல தாயி, எல்லாம் கருப்பட்டிதேன், ஒங்க மிசினு ரிப்பேரு" என்றார். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்கய்யா என்று அவள் சிரிக்காமல் சொன்னாள். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், மறுநாள் அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டார். அன்றிலிருந்து சர்க்கரை என்ற பேச்சை எடுத்தால் ஆட்டைப் பார்க்கப் போய்விடுகிறார்.

இப்போது உன் விஷயம். நீ நைட் ஷிப்ட் பார்க்கிறாய், பகலில் தூங்குகிறாய், பிஸ்கட்டும் டின்னில் வரும் இனிப்புத் தண்ணியும்தான் சாப்பாடு என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். தலைக்குக் குளிக்கும் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது என்று பொங்கலுக்கு வந்தபோது என் காதில் சொன்னாய். இதெல்லாம் ஒரே கொடியில் காய்க்கலாம் என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இருக்கிறது, எல்லாக் கறுப்பும் சர்க்கரை இல்லை என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது, ரத்தம்தான் சொல்ல வேண்டும். உன் நிறம் எனக்குக் கவலை இல்லை, நம் வீட்டில் யாரும் வெள்ளை இல்லை. அந்தக் கவலை உங்க அத்தைக்கு, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லுவார்கள் என்று மெடிக்கலில் ஒரு வெள்ளைக் கிரீம் வாங்கி வைத்திருக்கிறாள். அது கருப்பட்டி, சர்பத் பாட்டிலோடு பார்சலில் வரும். கிரீமைக் குப்பையில் போடு. கருப்பட்டியைக் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடு, கொடுப்பதற்கு முன் அவர்கள் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாப்பாட்டையும் தூக்கத்தையும் நடையையும் ஒழுங்கு செய்தே திருப்பிவிடலாமாம், தாமதித்தால் அது நம்மைத் திருப்பும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன ஞாயிறு நீ போனை வைத்ததும் உங்க அய்யா அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்னால் கையை வைத்துத் தடவினார். நான் காபி கொண்டுபோனேன், "பிள்ளைக்கு என்னைய மாதிரியே வந்திருக்குல்ல" என்று கேட்டார், பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் கருப்பட்டிக் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

தெரு பேச வேண்டாம் என்று மேலே எழுதினேன், அதை மாற்றிக்கொள்கிறேன், உனக்குச் சம்மதமானால் மட்டும். டாக்டர் சொன்னால் மிஷின் ரிப்பேர் என்கிறவர், நீ சொன்னால் என்ன சொல்வார் என்று பார்க்க வேண்டும். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு துப்பட்டா இல்லாமல் உட்கார், ஸ்பீக்கரில் சத்தமாகச் சொல், சர்க்கரை இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும். அத்தை கேட்டால் கேட்கட்டும். முடித்ததும், அய்யா நீங்க எப்பப் போறீங்க என்று ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு ஆடுகளைக் காலையிலேயே வேறு ஆளோடு மேய்ச்சலுக்கு அனுப்பிவிடுகிறேன், எழுந்து போக அவருக்குக் காரணம் இருக்காது.

உடம்பும் மனசும் தெளிவாக இருந்து நீ நினைத்தது நடக்க முனீஸ்வரர் துணை இருக்கட்டும். வெறும் வயிற்றில் போக வேண்டும், மறக்காதே, கருப்பட்டிக் காபியும் கூடாது.

உன் கழுத்தைப் பார்த்துவிட்ட அம்மா,
சண்முகவள்ளி