ஆணி வேண்டாத கதவு

கெஸ்ட்ரல் ஏரி முகாம்,
வடக்கு மின்னசோட்டா.
ஜூன் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, குட்டித் தம்பி ஆஸ்கர் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு, வீட்டுக்கு எழுதிய கடிதம்தான் டிக்கெட். சமையல்கார டெட் வாசலில் கூடையோடு நிற்கிறார். கடிதம் போடாதவர்களுக்கு, அடுப்பிலிருந்து சுடச்சுட வரும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் கிடையாது. எனக்கு மேல் கட்டிலில் படுக்கும் பெர்னி, "உயிரோட இருக்கேன்" என்று ஒரே வரி எழுதிப் போட்டுவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்கு அப்படி எழுத வராது.

முதலில், நீ சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய சாமான்கள். உள்ளது உள்ளபடிச் சொல்ல நீதான் பழக்கினாய், அதனால் கோபித்துக்கொள்ளாதே. சீக்கிரம் காயும் துண்டு காயவே இல்லை. மூன்றாம் நாளில் நனைந்த நாய் வாசனை அடித்தது. குச்சி வடிவ சன்ஸ்கிரீன் நல்லது, ஆனால் மணலில் விழுந்தால் உப்புத்தாள் ஆகிவிடுகிறது. தலைக்கான கொசுவலை மிக நல்லது. போட்டுக்கொண்டு சாப்பிட முடியாது என்பது ஒன்றுதான் குறை. நான் இதையெல்லாம் குறித்து வைப்பதைப் பார்த்து பெர்னி, "உங்கம்மா இந்த ஏரிக்கு எத்தனை நட்சத்திரம் போடுவாங்க?" என்று கேட்கிறாள். குளிருக்கு ஒன்று குறைப்பாய் என்று சொன்னேன்.

இப்போது உனக்குப் பிடித்த செய்தி. வந்த அன்று எல்லாருக்கும் தலையில் பேன் பார்த்தார்கள். பார்த்தது முகாமின் நர்ஸ் ஜோலீன். என் சட்டையில் பெயரைப் படித்துவிட்டு, சீப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "லிண்ட்ஸ்ட்ரோமா? செயின்ட் பாலா? இணையத்துல 'அம்மா கைபட்டது'ன்னு குழந்தைச் சாமான் பத்தி எழுதுறாங்களே, அவங்க பொண்ணா நீ!" என்று கத்தினார். பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. அவருக்கு மேபல் என்று ஒன்பது மாதக் குழந்தை. புட்டி கழுவும் பிரஷ், உட்காரும் நாற்காலி, இன்னும் என்னென்னவோ, எல்லாம் நீ எழுதியதைப் படித்து வாங்கியதாம். "கடையில எது எடுத்தாலும் மனசுக்குள்ள உங்கம்மா குரல்தான் கேக்கும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அம்மா.

ஆஸ்கருக்கு என் முத்தம்.

உன் மகள்,
சோல்வே


செயின்ட் பால்
ஜூன் 27

என் செல்ல சோல்வேக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நனைந்த நாய் என்ற இடத்தில் காபியைத் துப்பிவிட்டார். அந்தத் துண்டுக்காரர்களுக்கு நான் நல்ல வார்த்தை எழுதுவதாக இருந்தேன், போகட்டும், எழுதவில்லை.

உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டிலை மறக்காமல் கழுவு. அதைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது அதைக் கழுவியிருக்க மாட்டான். இந்த வாரம் ஆஸ்கருக்கு மேஜையோடு ஒட்டிக்கொள்ளும் கிண்ணம் வந்திருக்கிறது. கிண்ணம் ஒட்டிக்கொண்டது, நம் பிள்ளை மேஜைவிரிப்பையே இழுத்துவிட்டான். பட்டாணி அடுப்புக்கு அடியில் கிடக்கிறது. பிள்ளைகளுக்குச் சாமான் செய்பவர்கள் எல்லாரும் பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் என்று எப்படித்தான் நினைக்கிறார்களோ.

ஜோலீனுக்கு என் அன்பைச் சொல். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் நான் எழுதுகிறேன். நீ கொஞ்சம் பெரிதாக எழுதக் கூடாதா? வீடு அமைதியாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா


கெஸ்ட்ரல் ஏரி முகாம்
ஜூலை 1

அன்புள்ள அம்மாவுக்கு,

பயப்படாதே. காதில் தண்ணீர் போய் வலி வந்து, மருத்துவ அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். சொட்டு மருந்து போட்டதும் வலி குறைந்துவிட்டது. கொண்டுவந்த புத்தகங்களை முடித்துவிட்டேன். அதனால் மருந்துப் புட்டிகளின் பின்பக்கத்தைப் படித்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிகளைப் படித்தேன். கோடை முடிந்ததும் வீடு மாற வேண்டுமென்று ஜோலீன் எல்லாப் பெட்டிகளையும் வைத்திருக்கிறார்.

ஒன்று நம் கதவு வந்த பெட்டி. அதாவது நீ எழுதினாயே, சுவரில் ஓட்டையும் வேண்டாம் ஆணியும் வேண்டாம், இரண்டு சுவருக்கும் நடுவில் வைத்துத் திருகினால் இறுகி நின்றுவிடும் என்று, அந்தக் குழந்தைத் தடுப்புக் கதவு. ஜோலீனும் மேபலும் இந்த அறைக்கு மேலேதான் இருக்கிறார்கள். ஏணியைப் போலச் செங்குத்தான மாடிப்படி. அதன் உச்சியில் அந்தக் கதவு. மேபல் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். கீழே படுத்திருக்கும் என்னைக் கம்பிக்கு நடுவே பார்த்து, சிறையில் இருக்கும் கிழவன் போலக் குலுக்குகிறாள். குலுக்கும்போதெல்லாம் ரப்பர் பாதம் சுவரில் கீச்சிடுகிறது.

பெட்டிக்குள் இருந்த தாளில், "மாடிப்படியின் உச்சியில் பொருத்தக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. குழந்தை தலைகீழாக விழுவது போல ஒரு படம், அதன் மேல் சிவப்புக் கோடு. வாசல் நிலைக்கு நடுவில் வைக்கலாமாம், படிக்குக் கீழே வைக்கலாமாம், மேலே மட்டும் ஆகாதாம். ஆனால் நீ போட்ட படத்தில் ஆஸ்கர் நின்று சிரிப்பது நம் மாடிப்படியின் உச்சியில்தானே?

தாளில் இருப்பது வக்கீல் எழுதியது, அம்மாக்கள் எழுதுவதுதான் நிஜம் என்று நீ சொல்வாய். அதனால் ஜோலீனிடம் எதுவும் சொல்லவில்லை. எது சரி என்று நீ எழுதினால் போதும். சீக்கிரம் எழுது.

உன் மகள்,
சோல்வே


செயின்ட் பால்
ஜூலை 5

என் செல்லத்துக்கு,

காது எப்படி இருக்கிறது? தலை துவட்டும்போது சாய்த்து உலுக்கு. நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைக்கு ஆஸ்கரைக் கூட்டிப்போனோம். காதை மூடும் பஞ்சு மூடியைக் கழற்றி பக்கத்தில் இருந்த பாட்டியின் எலுமிச்சை ஜூஸில் போட்டுவிட்டான்.

கதவு விஷயத்துக்கு நீ இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் தாளை எல்லாம் நம்பினால் பிள்ளைக்குக் கரண்டியால் ஊட்டக்கூட முடியாது. திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். நம் வீட்டிலேயே அது நழுவியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அப்பா அன்றைக்குச் சரியாக இறுக்காததால்.

ஜோலீனை நீ போய்ப் பயமுறுத்தாதே. நல்ல பெண், வீணாக மனசு சங்கடப்படுவாள். கதவைப் பற்றிய என் இணையப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று நான் இலையுதிர் காலத்தில் பார்க்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள். அதில் கை வைக்க இது நேரமில்லை.

டெட்டிடம் கேட்டு நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா


கெஸ்ட்ரல் ஏரி முகாம்
ஜூலை 8

அம்மா,

உன் கடிதம் மதியம் வந்தது. "ஒரே ஒரு தடவை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மேலே போகவே முடியவில்லை. பெர்னி, "யாராவது செத்துட்டாங்களா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று கேட்டாள்.

ஏப்ரலில் நான் பள்ளியிலிருந்து வந்தபோது ஆஸ்கருக்கு மோவாயில் தையல் போட்டிருந்தது. குளியல் தொட்டி விளிம்பில் இடித்துக்கொண்டான் என்றாய். அந்த வாரமே மாடிப்படியில் வேறு கதவு வந்தது. மரக் கதவு, சுவரில் திருகாணி போட்டது. இன்னொரு கம்பெனி சோதித்துப் பார்க்க அனுப்பியது என்றாய். நான் அப்பாவுக்கு ஸ்க்ரூ எடுத்துக்கொடுத்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அவன் தொட்டியில் விழவில்லை, இல்லையா?

நான் உன் பதிலுக்காக ஒரு வாரம் காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க மேபல் அந்தக் கம்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு மணி முடியும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் ஜோலீனிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் சிரித்தார். "உங்கம்மா வீட்டுலயும் மேலதானே மாட்டியிருக்காங்க, கண்ணு? படத்துல பாத்தேனே."

"இப்ப இல்ல. தம்பி விழுந்துட்டான்" என்றேன்.

"விழுந்துட்டானா? எப்போ?"

"ஏப்ரல்ல."

ஜோலீன் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நான் இதை வாங்கினது அன்னையர் தினத்துக்கு. மே மாசம்" என்றார். பிறகு, "அப்ப நான் வாங்குறப்பவே அவங்களுக்குத் தெரியும்" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மேலே போய், மேபலை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் கதவை இழுத்தார். ஒரே இழுப்பு, கையோடு வந்துவிட்டது. அம்மா, அவர் பலமாகக்கூட இழுக்கவில்லை. கதவைக் கையில் வைத்துக்கொண்டே அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய் விளையாடும்மா. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. இலையுதிர் காலத்தில் இல்லை, இன்றைக்கே.

சோல்வே


செயின்ட் பால்
ஜூலை 12

சோல்வே,

கடிதத்தைப் பிரித்து நின்ற இடத்திலேயே நின்றேன். பெற்றவளிடம் பேசுவதற்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் உன் வீட்டுக் கதையைச் சொல்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. நானா வளர்த்தேன் உன்னை? என்னைப் பற்றி அவள் இனி என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

இதை எழுதிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து மேலே இருப்பதைப் படித்தேன். கிழிக்கவில்லை. நான் அப்படித்தான் நினைத்தேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

அவன் தொட்டியில் விழவில்லை. அப்பா சரியாக இறுக்கவில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். அதை இறுக்கியது நான்.

அன்று காலை நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, படிப்பவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவைப் பற்றித்தான். தாங்குமா என்று யாரோ கேட்டிருந்தார்கள். தாங்கும் என்று அடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கதவும் அவனும் சேர்ந்தே கீழே கிடந்தார்கள். அழக்கூட இல்லை சோல்வே. கொஞ்ச நேரம் அவன் அழவே இல்லை.

உண்மையை எழுதினால் நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். அதனால் அப்பாவிடமும் தொட்டி என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது தொட்டி ஆகிவிட்டது. படத்தை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று அப்படியே விட்டேன்.

அம்மா


கெஸ்ட்ரல் ஏரி முகாம்
ஜூலை 16

அன்புள்ள அம்மா,

உன்னிடம்தான் முதலில் கேட்டேன். நீதான் சொல்லாதே என்றாய்.

உன் கடிதத்தைப் படகுத் துறையில் உட்கார்ந்து படித்தேன். ஆஸ்கர் அழாமல் கிடந்தான் என்ற இடத்தில் நான் அழுதேன். நீ அடுத்த அறையில் இருந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. எல்லா அம்மாக்களும் ஏதாவது ஒரு அடுத்த அறையில் இருக்கிறார்கள். ஜோலீன்கூட நாள் முழுக்கக் கீழே எங்கள் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தானே கதவு வாங்குகிறார்கள்?

எனக்குப் புரியாதது ஏப்ரலுக்குப் பிறகு நடந்ததுதான். நீ தினமும் அந்த மரக் கதவைத் திறந்து மூடுகிறாய். படிப்பவர்களுக்கு மற்றக் கதவைக் காட்டுகிறாய். எப்படி அம்மா முடிந்தது? நிஜமாகவே கேட்கிறேன்.

அப்பாவிடம் சொல். பக்கத்தில் எழுது. ஜோலீன் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார், ஆனால் உன் பெயரை எடுப்பதில்லை.

சோல்வே


செயின்ட் பால்
ஜூலை 21

அன்புள்ள சோல்வேக்கு,

சொல்லிவிட்டேன். அப்பா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்ப டாக்டர்கிட்டயும் தொட்டின்னுதான் சொன்னியா?" என்று ஒன்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்ப் புல் வெட்டினார். ஏற்கெனவே வெட்டியிருந்த புல்.

பிறகு பக்கத்தில் எழுதினேன். படத்தை எடுத்துவிட்டேன். எந்த மாதம் விழுந்தான், நான் எங்கே இருந்தேன், எத்தனை நாள் மறைத்தேன், எல்லாம். நீ பார்த்தால் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. அன்று மாலைக்குள் மின்னஞ்சல்கள் குவிந்துவிட்டன. சிலவற்றை உனக்குச் சொல்ல மாட்டேன். தைரியசாலி என்று பாராட்டியவர்களும் உண்டு. அவற்றைப் படிக்கத்தான் அதிகக் கூச்சமாக இருந்தது.

நேற்று டுலூத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். ஜூன் மாதம் என் பக்கத்தைப் படித்து வாங்கினாளாம். மேல்படியில் மாட்டினாளாம், படத்தில் இருந்தது போலவே. குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டு. தான்தான் சரியாக இறுக்கவில்லை என்று இத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாளாம். மாமியாரும் அப்படித்தான் சொன்னாளாம். "நீங்கள் ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால்" என்று ஒரு வரி. அதோடு முடித்துவிட்டாள். திட்டக்கூட இல்லை.

அவளுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு சொல் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் பேசினால் கொஞ்சம் மூச்சு வருகிறது. இந்த வீட்டில் இப்போது என்னோடு பேசுவது ஆஸ்கர் மட்டும்தான். நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று ஒரு வரி எழுதினால் போதும், நான் மற்றதைத் தாங்கிக்கொள்வேன்.

உன் அம்மா


கெஸ்ட்ரல் ஏரி முகாம்
ஜூலை 24

அன்புள்ள அம்மா,

பக்கத்தில் நீ எழுதியதை, உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே ஜோலீன் படித்துவிட்டார். படித்துக்கொண்டே, "கடைசில எழுதிட்டாங்க" என்றார். மேபல் நேற்று எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.

உன் கடிதம் இரண்டு பக்கம் இருந்தது. டுலூத்தைப் பற்றி எழுதிய இடத்தைப் பலமுறை படித்தேன். எந்த எலும்பு என்று இருக்கிறது, கட்டு எதுவரை என்று இருக்கிறது, மாமியார் சொன்னது இருக்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்று இல்லை. பெயரும் இல்லை.

நீ கேட்ட வரியை நான் இப்போது எழுத மாட்டேன். என் வரி வந்துவிட்டால் டுலூத்தில் இருப்பவருக்கு நீ எழுத மாட்டாய் என்று பயமாக இருக்கிறது. முதலில் அந்த அம்மாவுக்கு எழுது. அழகாக எழுத வேண்டாம். குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டு எழுது.

அவர் பதில் போட்டால், பெயரை எனக்கு எழுது. அதற்குப் பிறகு நான் எழுதுகிறேன்.

உன் மகள்,
சோல்வே