முன் பிரேக் இல்லாத வண்டி

அண்ணா,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

நம் பழைய பைக்கை மூன்று மாதம் நீயே வெட்டி, வெல்டிங் வைத்துச் செய்த வண்டி அழகுதான். ஆனால் ஹேண்டில்பார் மொழுமொழுவென்று தெரிய வேண்டும் என்று முன் பிரேக்கையே கழற்றிவிட்டாயே!

"முன் பிரேக் பயந்தாங்கொள்ளிக்குடா. நிஜ பைக்கருக்கு எதுக்கு?" என்று உன் பைக் கூட்டத்துத் தாடிக்காரர் சிரித்தார்.

"அப்ப ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் பிடிச்சு வச்சுட்டுக் கிளம்புங்க" என்றார் நம் தெரு மெக்கானிக்.

நீ சிரிக்கவில்லை. "தன் கையால வண்டி கட்டினவன்தான் பைக்கர்" என்றாய். அப்படியென்றால் பிரேக் மாட்டினாலும் நீ பைக்கர்தானே? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விடிந்ததும் அவர்களோடு மலைப்பாதைக்குப் போகிறாய். வண்டி கிளம்பாது. எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக் என்னிடம் இருக்கிறது. அவர்கள் முன்னால் நீ தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் அழுகை வருகிறது. நான் செய்தது நல்லதா, துரோகமா?

இதை உன் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன். நீ கேட்டால் பிளக்கைக் கொடுத்துவிடுவேன். அதுதான் பயம். கேட்காதே அண்ணா.

இப்படிக்கு,
நீ வெட்டியெறிந்த பின்சீட்டில் முன்பெல்லாம் உட்கார்ந்து வந்தவள்