ஏழு என்றால் வலப்பக்கம்

அனுப்புநர்:
ஜெயலெட்சுமி சந்திரசேகரன், பி.ஏ.,
ஆசிரியை,
டத்தோ கிராமாட் ரோடு,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
கௌரவ காரியதரிசி திரு. அர்ஜுனன் அவர்கள்,
கல்லூரிகள் கால்பந்துப் போட்டிக் குழு,
பினாங்கு.

பொருள்: சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் ஆட்டக்காரர்களின் முதுகு எண்களை நீக்கும் உத்தரவை மாற்றக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. இன்று காலை நான் முதலில் செய்த காரியம், காப்பியை ஆற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்குப் பத்திரிகை வாசித்தது. நோயால் அவர் பார்வையை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உலகச் செய்தி காத்திருக்கலாம், விளையாட்டுப் பக்கம் காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தப் பக்கத்தில் தங்கள் குழுவின் அறிவிப்பு இருந்தது. "கோல் கம்பத்தின் பின்னால் ஒரு பெண் உரத்த குரலில் எண்களை அறிவித்துச் சூதாட்டத்துக்குத் துணைபோவதாகப் புகார் வந்திருப்பதால், இறுதி ஆட்டத்தில் எண்ணில்லாத சட்டைகளே அணியப்படும்" என்று வாசித்து முடித்த பிறகுதான், அந்தப் பெண் நான் என்பது எனக்கு விளங்கிற்று.

2. என் கணவருக்கு அது முன்னமே விளங்கிவிட்டது. காப்பி சட்டையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். "நாப்பத்து மூணு வயசுல சூதாட்டக்காரின்னு பட்டம் வந்திருச்சு லா, ஜெயா. பி.ஏ.வுக்குப் பக்கத்துல போட்டுக்க" என்றார். ஐயா, நானும் சிரித்தேன். பிறகு, சனிக்கிழமை அவருக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆகவே இந்த மனு.

3. நடந்ததைத் தாங்கள் முறையாக அறிய வேண்டும். என் கணவர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இளமையில் அவ்வலுவலக அணிக்கு இடப்புற ஓரத்தில் ஆடியவர். கண் போன பிறகும் பாடாங் திடலுக்கு ஆட்டம் பார்க்கப் போவதை அவர் விடவில்லை. அருகில் இருந்து ஆட்டத்தைச் சொல்வது என் கடமையாயிற்று. அதற்கு நான் சற்றும் தகுதியற்றவள். சென்னைக் கல்லூரியில் எனக்குக் காவியங்களைக் கற்பித்தார்கள். கால்பந்தை எவரும் கற்பிக்கவில்லை. "ஒருவர் இன்னொருவருக்கு உதைத்தார், அவர் வேறொருவருக்குக் கொடுத்தார்" என்றே சொல்லிவந்தேன். "யாரோ யாருக்கோ குடுத்தான், அவன் இன்னொருத்தனுக்குக் குடுத்தான்னா, இது கால்பந்தா, லஞ்ச வழக்கா?" என்று அவர் கேட்டது நியாயமே.

4. இவ்வாண்டு தங்கள் குழு சட்டைகளின் முதுகில் எண்களைத் தைக்கச் செய்தது. எதற்காகச் செய்தீர்களோ அறியேன். எங்களுக்கு அது வேறொன்றாயிற்று. கோல் காவலர் ஒன்று, வலப்புற ஓரம் ஏழு, நடு முன்னணி ஒன்பது, இடப்புற ஓரம் பதினொன்று என்று எண்ணுக்கு ஓர் இடம் இருப்பதால், நான் எண்ணைச் சொன்னால் போதும். பந்து திடலில் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நாங்கள் கோல் கம்பத்தின் பின்னால் அங்சானா மரத்தடியில் உட்காருகிறோம். நாங்கள் ஆதரிக்கும் சிவப்புச் சட்டை அணி அங்கிருந்து எதிர்ப்பக்கம் முன்னேறும்போது, "ஏழு" என்றால் அவர் முகம் வலப்பக்கம் திரும்புகிறது. "பதினொன்று" என்றால் இடப்பக்கம் திரும்பி, அவருடைய இடது கால் தரையில் தானாக அசைகிறது. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும்போது அவரும் பக்கத்தை மாற்றிக்கொள்கிறார். அதில் தவறுகிறவள் நான்தான்.

5. இனிச் சூதாட்டப் புகார். மரத்தடியில் கச்சான் கடலை விற்கும் சீனி முகம்மது, "அக்கா, மெதுவா சொல்லாதீங்க லா, இந்தப் பக்கம் கேக்கல" என்று முறையிட்டதால் குரலை உயர்த்தினேன். இருபது ஆண்டுகளாக மாணவியரைக் குரல் தாழ்த்தச் சொல்லிவந்த எனக்கு, என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்பதே புதுச் செய்தி. உண்மையைச் சொன்னால், மிகவும் பிடித்திருந்தது. "ஏழு, பத்து, ஒன்பது, மறுபடி ஏழு" என்று நான் கூவியதைச் சாலையில் ரிக்சாவில் போன கிம் நியோ என்னும் சீன நோனியா அம்மாள் கேட்டிருக்கிறார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஏதேனும் ஓர் எண்ணில் காசு கட்டும் சாப்-ஜி-கீ என்ற சூதைத் தாங்கள் அறிவீர்கள். அவர் ஏழில் கட்டினார். ஏழே விழுந்தது.

6. அடுத்த வாரம் மரத்தடியில் அம்மாளும் அவருடைய தோழியர் நால்வரும் வெற்றிலைப் பெட்டியுடன் காத்திருந்தனர். ஆட்டக்காரர்கள் பதினொருவர்தானே, பன்னிரண்டு எங்கே என்று ஒருவர் மலாயில் கேட்டார். நடுவரைப் பன்னிரண்டாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தவர் சீனி முகம்மது. நான் அல்ல.

7. புகாரை விசாரிக்க வந்தவர் என்று எனக்கு இன்றுதான் விளங்கும் ஒரு போலீஸ்காரர், ஓர் ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே வந்துவிட்டார். மரத்துக்கு அப்பால் நின்று மறைவாகக் கவனித்தவர், சிவப்பு ஒன்பது கோல் போட்டதும் கைதட்டினார். ஆட்டம் முடிந்து அவர் சைக்கிளில் ஏறும்போது, எங்களிடம் ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தீர்களே என்று நானே நினைவூட்ட வேண்டியிருந்தது. அவர் கேட்டது, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பதை.

8. சூதைக் குறித்து ஒரு வார்த்தை. தோழியரில் மூவர் இன்னும் எண் கேட்கிறார்கள், அதை மறைக்கமாட்டேன். கிம் நியோ அம்மாள் கேட்பதை நிறுத்திவிட்டார். போன வாரம் சிவப்பு ஏழாகிய யூசுப் பந்தை விட்டுக்கொடுக்காமல் தானே ஓடி அதை இழந்தபோது, அவர் எழுந்து நின்று யூசுப்பின் வளர்ப்பைப் பற்றித் திடல் முழுவதும் கேட்கும்படி பேசினார். காசு கட்டியவர் கோபம் அதுவல்ல, ஐயா. அது ஆட்டம் புரிந்தவர் கோபம்.

9. எண்களை எடுத்துவிட்டால் சூதாட்டக்காரர் ரிக்சா எண்ணிலோ மாதா கோயில் கடிகாரத்திலோ வேறோர் எண்ணைக் கண்டுகொள்வர். என் கணவருக்கு வேறு வழியில்லை. பெயர்களை மனப்பாடம் செய்யலாமே என்று தாங்கள் நினைக்கலாம், முயன்றேன். மழையில் நனைந்து சேறு பூசிய இருபத்திரண்டு இளைஞர்களை, அவர்களைப் பெற்றவர்களும் பின்னாலிருந்து அடையாளம் காண்பது கடினம்.

10. ஆகவே நான் வேண்டுவது ஒன்றே: சனிக்கிழமை எண்கள் முதுகில் இருக்கட்டும். சாப்-ஜி-கீ காசு வாங்குவோரைப் போலீசார் பார்த்துக்கொள்ளட்டும். புகார் என் குரலைப் பற்றியதென்றால் என்னை விசாரியுங்கள். வந்து பதில் சொல்கிறேன்.

11. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். என் கணவருக்கும் இன்னும் தெரியாது. தங்கள் உத்தரவு எப்படி அமைந்தாலும், சனிக்கிழமை நாங்கள் மரத்தடிக்குப் போகப் போவதில்லை. விருந்தினர் நாற்காலிகளுக்கு முன்னால், நடுக்கோட்டருகே அவரை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, ஆட்டம் முழுவதையும் என் முழுக்குரலில் சொல்லப் போகிறேன். எண் இருந்தால் எண்ணைச் சொல்வேன். இல்லையென்றால் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்வேன். என்னை அங்கிருந்து அகற்றுவது தங்கள் கடமையானால், தயவுசெய்து இடைவேளையில் அகற்றுங்கள். ஆட்டத்தின் நடுவில் வேண்டாம். பந்து யாரிடம் போயிற்று என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

தங்கள் நல்ல முடிவை நாடும்,

ஜெயலெட்சுமி சந்திரசேகரன்
(ஒப்பம்)

இடம்: ஜார்ஜ்டவுன்
நாள்: 8 செப்டம்பர் 1936